கருங்கல்லில் ஒரு தீவுப் பாசி: வடசென்னைக் கரையில் நான்கு நாள்

முதல் நாள்: காசிமேடு

தண்டையார்பேட்டையில் இருந்து காசிமேட்டுக்குப் போவதை யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். ஆனாலும் நாற்பத்தாறு வருடமாக இந்தக் கரையோரமே வாழ்ந்தும், அலை மோதும் கல்லுக்குக் கீழே இறங்கி அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மாசி மகத்தை ஒட்டி நான்கு நாள் லீவு எடுத்திருக்கிறேன். காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கரையை ஒட்டியே போய், ஒரே ஒரு பாசியைத் தேடப் போகிறேன். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிவிடுவதாக உத்தேசம்.

பாசியின் பெயர் கீட்டோமார்ஃபா ஆன்டெனினா. முடி போன்ற வடிவம் என்பது முதல் சொல்லின் பொருள். இரண்டாவது, பூச்சிகளின் உணர்கொம்பை நினைத்து வைத்தது. கல்லூரியில் தாவரவியல் படித்தபோது என் நோட்டில் இதை 'கீட்டோமார்ஃபா மீடியா' என்று எழுதி, பக்கத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு பிரஷ் மாதிரி வரைந்திருக்கிறேன். மீடியாவும் ஆன்டெனினாவும் ஒன்றேதான் என்பது பிற்பாடு தெரிந்தது. போன மாதம் அக்கா மகள் காலேஜ் புராஜெக்டுக்காக இதைப் பற்றிக் கேட்க, நானும் அவளோடு உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் இந்தப் பாசியை உலகத்துக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் இதை எங்கே பார்த்தார் என்று தெரிந்துகொண்டேன். ரீயூனியன் தீவில். மடகாஸ்கருக்கும் கிழக்கே, இந்தியப் பெருங்கடலுக்குள் தனியே நிற்கிற எரிமலைத் தீவு. காசிமேட்டுப் பாசிக்கும் ரீயூனியனுக்கும் என்ன உறவு என்று அன்றிலிருந்து ஒரே யோசனை.

பெரிய மீன் ஏலமெல்லாம் விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது. நான் போனபோது பெண்கள் மீதமிருந்த சங்கராவையும் கவளையையும் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் உடைக்கும் இடத்தைத் தாண்டி, துறைமுகத்துக்கு வடக்கே கடலுக்குள் கை நீட்டினாற்போல் கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு நடந்தேன். இதைத் தூண்டில் வளைவு என்பார்கள். கல் என்றால் ஆள் உயரக் கருங்கல், ஒன்றன் மேல் ஒன்று. அதன் மேல் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா தேடுற? எதுனா வுழுந்துடிச்சா?"

"இல்லண்ணா, பாசி பாக்க வந்தேன்."

"பாசியா?" என்று திரும்பிப் பார்த்தார். "அதுல இன்னா கீது பாக்கறதுக்கு? கால் வச்சின்னா வழுக்கும். பாத்து எறங்கு."

பௌர்ணமி நெருங்குவதால் பிற்பகலில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. சென்னையில் பெரிய ஏற்றவற்றம் கிடையாது. நிறைய இறங்கினாலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கல்லில் அந்த ஒரு மீட்டருக்குள் எல்லாமே அடுக்கடுக்காக இருக்கிறது. உச்சியில் காய்ந்த வெறும் கல். அதற்குக் கீழே கொட்டலசு, காலைக் கிழிக்கும் வெள்ளை ஓட்டுக் கூட்டம். அப்புறம் பளபளவென்று இலைப்பாசி, உல்வா. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய பச்சை, குறுக்கே வெட்டினால் இரண்டே செல் தடிமன். பெரியவர் சொன்ன வழுக்கல் இதனால்தான். அதற்கும் கீழே, அலை நேராக வந்து அறையும் விளிம்பில், பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷைத் தலைகீழாக நட்டு வைத்தது போல் கரும்பச்சைக் கொத்து. அதுதான்!

ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு. பாசி என்றாலே வழவழப்பு என்று பழகிய கைக்கு இது வியப்பு. அலை வந்து அறைந்தது, கொத்து படுத்தது; அலை விலகியதும் நிமிர்ந்துவிட்டது. கிளையே இல்லாத தனித்தனி இழைகள். ஒவ்வொன்றும் ஒரே வரிசையாகக் கோத்த செல்களின் மாலை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கொண்டு போயிருந்தேன், ஆனால் அது தேவைப்படவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெறும் கண்ணுக்கே ஒவ்வொரு செல்லும் பச்சைப் பாசிமணி போலத் தெரிகிறது. நம் உடம்பில் உள்ள செல் எதையும் இப்படிக் கையில் வைத்துப் பார்க்க முடியாது. இதன் ஒரு செல்லுக்குள்ளே ஒன்றல்ல, ஏராளமான உட்கருக்கள். அடியில், கல்லைப் பற்றியிருக்கும் முதல் செல் மற்றவற்றைவிடப் பல மடங்கு நீளம். கொத்து மொத்தமும் நிற்பது அதன் பலத்தில்தான்.

மேலே ஏறி வந்தபோது பெரியவருக்கு ஒரு ஓரா மீன் மாட்டியிருந்தது. முதுகு முள்ளில் கை படாமல் துணியில் பிடித்திருந்தார். குத்தினால் ரெண்டு நாளைக்குக் கடுக்குமாம். அங்கேயே வயிற்றைக் கீறினார். உள்ளே முழுக்கப் பச்சை விழுது.

"பாத்தியா? நீ தேடுறத்த இது துன்னுட்டு வந்துகீது" என்றார்.

நான் அந்தப் பச்சையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: கல்சுவரோரமாகத் திருவொற்றியூர் வரை

இன்று மாசி மகம். காலையிலேயே கரையெங்கும் மேளச் சத்தம். சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகின்றன. சாமி இறங்க மணல் இருக்கும் இடங்களில்தான் கூட்டம். மற்ற இடமெல்லாம் கல். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, மறுபக்கம் கல்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கடல். இந்தச் சுவரை ஒட்டியே திருவொற்றியூர் வரை நடந்தேன். நான்கு இடத்தில் இறங்கிப் பார்த்தேன், நான்கிலும் பிரஷ் பாசி இருந்தது. அலை பலமாக மோதும் முனையில் கொத்து அடர்த்தி. இரண்டு கல்லுக்கு நடுவே தண்ணீர் சும்மா தேங்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. அடி வாங்கும் இடத்தைத்தான் இது தேர்ந்தெடுக்கிறது.

ரீயூனியன் கதையைச் சொல்லிவிடுகிறேன். போரி தெ சாங் வேன்சான் என்ற பிரெஞ்சு இளைஞர், 1800-இல் போதேன் தலைமையில் ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்ட ஆய்வுக் கப்பலில் ஏறினார். உடம்பு சரியில்லாமல் 1801-இல் மொரீசியஸிலேயே இறங்கிக்கொண்டார். கப்பல் போய்விட்டது. அவர் அங்கிருந்து ரீயூனியனுக்குப் போய் எரிமலை மேலெல்லாம் ஏறி இறங்கினார். அந்த எரிமலையின் ஒரு வாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். திரும்பிப் போய் 1804-இல் வெளியிட்ட பயண நூலில், அந்தத் தீவின் கரையில் கண்ட இந்தப் பாசிக்குப் பெயர் சூட்டினார். அப்போது வயது இருபத்தாறு. பிறகு 1847-இல் கியூட்சிங் என்ற ஜெர்மானியர் அதைக் கீட்டோமார்ஃபா பேரினத்துக்கு மாற்றினார்.

கப்பலோடு போயிருந்தால் அவருக்கு இந்தப் பாசி கண்ணில் பட்டிருக்குமா? எனக்கு அந்த இளைஞர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி உறைந்த கருப்புப் பாறையும் அதில் ஓயாமல் மோதும் அலையும் ரீயூனியனில் ஏராளம். இந்தப் பாசிக்கு வேண்டியதும் அதுதான். மொரீசியஸிலும் உண்டு, பசிபிக் நடுவில் இருக்கும் ஹவாயிலும் உண்டு. ஹவாய்க்காரர்கள் தங்கள் மொழியில் இதை நாய்முடி என்கிறார்கள். சரியான பெயர். நனைந்த நாட்டுநாயின் முதுகைத் தடவினால் இப்படித்தான் இருக்கும்.

சரி, சென்னைக்கு வருவோம். நம் கரை மணற்கரை. அலை மோதும் இயற்கைப் பாறை பார்க்க வேண்டுமானால் தெற்கே கோவளம், மாமல்லபுரம் பக்கம் போக வேண்டும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கடலோரத்தில் இயற்கையான கல்லே கிடையாது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டி வரும். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். 1875 டிசம்பரில் அன்றைய வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் கல்சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள்.

இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி. வருடத்தில் அதிக மாதங்கள் தெண்டியின் கைதான் ஓங்கியிருக்கும். அதனால் மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. நடுவில் சுவர் வந்ததும் மணல் தெற்கே தங்கிவிட்டது. அங்கே மெரினா அகன்றது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரம் உலாவும் பாதையும் போட்டார். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் நிற்காமல் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேயத் தொடங்கியது. அதைத் தடுக்கத்தான் இத்தனை கல்லும்.

உள்நாட்டுக் குவாரியில் வெடி வைத்துப் பிளந்து, லாரியில் வந்து, கடல் ஓரத்தில் கொட்டிய கல். அந்தக் கல்லில்தான் இன்றைக்கு நான் தொட்ட ஒவ்வொரு கொத்தும் வளர்ந்திருக்கிறது. இது நடந்துகொண்டிருக்கும்போதே மனதில் பட்டு, அப்படியே சுவரில் உட்கார்ந்துவிட்டேன். நான் இரண்டு நாளாக ஒரு பாசியைத் தேடிப் போகிறேன் என்று நினைத்தேன். உண்மையில், மண் போன இடத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு போகிறேன். கல் இருக்கும் இடத்தில் பாசி. மண் போன இடத்தில் கல்.

ஒரு குப்பத்தில் சாமி பார்க்க வந்த ஒரு பாட்டி என் அருகில் உட்கார்ந்தார். அலைக்கு அப்பால், ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டி, "அங்க ரெண்டு தெரு இருந்திச்சி கண்ணு. நான் கல்யாணம் கட்டிகினு வந்தப்ப சாமி அந்தத் தெரு வயியாத்தான் போவும்" என்றார். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். அவர் கற்பூரத் தட்டு வருகிறது என்று எழுந்து போய்விட்டார்.

மாலையில் பட்டினத்தார் சமாதிக்குப் போனேன். பேய்க்கரும்பு இனித்த இடத்தில் அவர் அடங்கினார் என்பது இந்த ஊர் நம்பிக்கை. கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர், கடைசியில் நின்றதும் கடல் பார்த்த இடத்தில்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, விம்கோ நகரிலிருந்து மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வலது முழங்காலில் கொட்டலசு கிழித்த கோடு எரிகிறது.

மூன்றாம் நாள்: எண்ணூர்

பௌர்ணமிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் தண்ணீர் அதிகமாக வற்றும் என்பதால் இந்த நாளை எண்ணூருக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் தாண்டிக் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம்.

ஆற்றுப் பக்கம் பிரஷ் பாசி இல்லை. எதிர்பார்த்ததுதான். சேறு, உப்புக் குறைந்த தண்ணீர், அலையும் இல்லை. அங்கே உல்வாவின் இன்னொரு வகை, பச்சைக் குழாய் போல, குடல் மாதிரி மிதக்கிறது. முன்பு இதற்கு என்டரோமார்ஃபா என்று தனிப் பேரினம் இருந்தது. லின்னேயஸ் 1753-இலேயே இரண்டையும் ஒரே பெயரில்தான் வைத்திருந்தார். நடுவில் வந்தவர்கள் பிரித்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு 2003-இல் மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல்லில் கவ்விய ஓலைப்பை. நான் பாசியை எடுத்து மோந்து பார்ப்பதைக் கண்டு ஒருவர், "எண்ணெ வாட வருதாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை ஜனங்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்த ஆற்றுக்குள்ளேயே வந்தது, படகும் வலையும் கருத்துப்போயின. அந்தப் பெண் முதலில் கேட்டதே எண்ணெய் வாடைதான் என்றால், அது இன்னும் அவர்கள் மனதிலிருந்து போகவில்லை. பாசி மூழ்கியிருக்கும்போது மேலே எண்ணெய் மிதந்தால் வெளிச்சம் குறையும். தண்ணீர் வற்றும்போது எண்ணெய் நேராக அதன் மேலேயே படியும். ஓராவாவது நீந்தி வேறிடம் போய்விடலாம். கல்லைப் பிடித்திருப்பது எங்கே போகும்?

முகத்துவாரத்தின் கடல் பக்கக் கல்லில் கடைசியாக அதைப் பார்த்தேன். மூன்றே மூன்று கொத்து, விரல் நீளம்கூட இல்லை. அதற்கு வடக்கே தண்ணீர், அந்தப் பக்கம் மணல். என் கரை அங்கே முடிந்தது.

நான்காம் நாள்: மறுபடியும் காசிமேடு, பிறகு வீடு

இன்று எங்கேயும் போவதாக இல்லை. ஆனால் முதல் நாள் நுனி எல்லாம் கரும்பச்சையாக இருந்த கொத்து இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. அதே கல், அதே இடம். பெரியவர் இல்லை. அவர் உட்காரும் இடத்தில் இரண்டு பையன்கள் பட்டாணி தின்றுகொண்டிருந்தார்கள்.

கொத்தின் பாதி இழைகளின் நுனி வெளுத்திருந்தது. லென்ஸில் பார்த்தால் மேல் செல்கள் வெறும் கண்ணாடிக் கூடுகள், உள்ளே ஒன்றும் இல்லை. இவ்வளவுக்கும் அது நோய் அல்ல. மேல் செல்களில் இருந்ததெல்லாம் நீந்தும் வித்துகளாக மாறி, செல் சுவரில் ஒரு துளை வழியே கடலுக்குள் போயிருக்கிறது. வால் மாதிரி மெல்லிய இழைகளை அடித்துக்கொண்டு நீந்தி, ஒரு கல் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதன் முதல் வேலை, அந்த நீளமான அடிச்செல்லை உண்டாக்குவது. பையன்களுக்கும் காட்டினேன். "உயிரு பூட்டுச்சாக்கா?" என்று சின்னவன் கேட்டான். போகலடா, குட்டி போட்டிருக்கு என்றேன். இருவரும் மாறி மாறி லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

ரீயூனியனுக்கும் மொரீசியஸுக்கும் இந்தக் கரையிலிருந்து ஆட்களும் போயிருக்கிறார்கள். 1834 முதல் மொரீசியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள், சென்னையிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. ரீயூனியனில் 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் அங்கேயும் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது, புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். இன்று மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ரீயூனியனில் தீமிதியும் காவடியும் நடக்கின்றன, மொழியோ வீட்டிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. சென்னையில் கப்பல் ஏறியவர்கள் மணலில் நின்று மசூலா படகில் ஏறியிருப்பார்கள். இங்கே அவர்கள் காலில் இந்தப் பாசி பட்டிருக்காது என்றே நினைக்கிறேன், அன்றைக்கு இங்கே இத்தனை கல் இல்லை. அந்தப் பக்கம் இறங்கியவர்கள் கருப்புப் பாறையில் இதைப் பார்த்திருக்கலாம். இப்போது, அவர்கள் கிளம்பிய கரையிலேயே இது வளர்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த இரண்டு கரையையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் இருந்திருக்கிறார். பர்கெசன் என்ற டேனிஷ் அறிஞர் 1930களில் தென்னிந்தியக் கடற்பாசிகளைப் பற்றி எழுதினார், அதன்பின் 1940 முதல் பல வருடம் மொரீசியஸ் பாசிகளைப் பற்றி எழுதினார். நம் ஊரில் எம். ஓ. பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்தவர், பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவின் பாசிகளை 1927-இலேயே பதிவு செய்தவர். அக்கா மகளிடம் இந்த இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஒரே ஒரு கொத்துதான் கொண்டுவந்தேன், அலை ஏற்கெனவே பிடுங்கிப் போட்டிருந்தது. அகலத் தாம்பாளத்தில் கடல்நீர் ஊற்றி, அதில் கெட்டி வெள்ளைத் தாளை மூழ்கவைத்து, இழைகளைப் பிரித்துத் தாளோடு மெல்லத் தூக்க வேண்டும். உல்வாவாக இருந்தால் தானாகவே தாளில் ஒட்டிக்கொள்ளும். இது விறைப்பான இழை, ஒட்டாது. அம்மா ஊசியும் வெள்ளை நூலும் கொடுத்தார். மூன்று இடத்தில் தையல் போட்டேன். மேலே பழைய வேட்டித் துணி, அதன் மேல் நாளிதழ், அதன் மேல் அம்மியின் குழவி.

அப்புறம் லேபிள் எழுத உட்கார்ந்தேன்.

பெயர்: கீட்டோமார்ஃபா ஆன்டெனினா.

இடம்: காசிமேடு, சென்னை.

வளர்ந்த இடம்: இதில்தான் பேனா நின்றது. பாறை என்று எழுதப் போய், அடித்துவிட்டு, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் என்று எழுதினேன். போட்ட கோட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

நாளைக் காலையில் நாளிதழ் மாற்ற வேண்டும். ஈரம் வடிய ஒரு வாரமாவது ஆகும்.